தஞ்சைக் கல்வெட்டும் மெழுகுத்தாள் ஒளிப்படமும்: பதிவுக்கும் வாசிப்புக்கும் இடைப்பட்ட காலம் (1858 – 1891)

முன்னுரை

தமிழகக் கல்வெட்டாய்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1886-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில்தான் ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் சென்னை மாகாணத்தில் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தப்பெற்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 1891 முதல் பகுதி பகுதியாக அச்சேறின. ஆயினும் அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1858-இல், அக்கோயில் விமான அடித்தளத்தின் எழுத்துகள் ஒளிப்படமாகப் பதிவு செய்யப்பெற்றிருந்தன. கையால் ஆயத்தம் செய்த மெழுகுத்தாள்களில் அதனைப் பதித்தவர் லினேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி. கல்லில் இருந்த எழுத்து தாளுக்கு வந்துவிட்டது. எனினும் கோயிலைக் கட்டியவன் யார் என்னும் வினாவுக்கு விடை பிறக்க மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று. இக்காலத் தாழ்வு ஏன் நேர்ந்தது என்பதனையும், பழைய ஒளிப்படத் தொழில்நுட்பம் தமிழ்க் கல்வெட்டாய்வுக்கு எதைத் தந்தது, எதைத் தர இயலவில்லை என்பதனையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மைசூர்ப் பகுதியில் நிகழ்ந்த இணையான முயற்சியொன்று ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் தமிழில் வழங்குகின்றன. ஒளியின் வினையால் உருவாவது என்னும் பொருள் தெளிவு கருதி, ஒளிப்படம் என்னும் சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

டிரைப்பும் சென்னை மாகாணமும்

டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்த காலத்தில் ஒளிப்படக் கலையைப் பயின்று, 1853-இல் இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார். மீண்டும் இந்தியா வந்து பெங்களூரில் பணியாற்றியபோது, 1854 டிசம்பரில் மைசூர் நாட்டின் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களுக்குச் சென்று ஹொய்சளர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ஆம் ஆண்டு சென்னைப் பொருட்காட்சியில் இப்படங்கள் பாராட்டுப் பெற்றன. அவ்வாண்டே பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் அரசு ஒளிப்படக் கலைஞராக இடம்பெற்றார்.

பழங்கட்டடங்களைப் பதிவு செய்ய ஓவியர்களுக்கு மாற்றாக ஒளிப்படத்தைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து அக்காலத்தில் கம்பெனி நிருவாகத்தில் வலுப்பெற்றிருந்தது. சென்னையிலும் இதற்கான சூழல் அமைந்திருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியும், 1856-இல் தோன்றிய சென்னை ஒளிப்படக் கழகமும் குறிப்பிடத்தக்கவை. இப்பின்னணியில் டிரைப் 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு முதலிய இடங்களைப் படமெடுத்தார். அவை 1858-இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன.

இப்பணி நீடிக்கவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் நிதி நிலை நலிந்திருந்தது. 1859-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன், ஒளிப்படப் பணி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதினார். 1860-இல் டிரைப்பின் பணி முடிவுக்கு வந்தது. 1902-இல் மறைந்த அவர், அதற்குப் பிறகு ஒளிப்படத் துறையில் குறிப்பிடத்தக்க பணி எதனையும் செய்யவில்லை.

மெழுகுத்தாள் முறை

டிரைப்பின் படங்களை ஆவணமாகப் பயன்படுத்த விரும்புவோர் அவை உருவான முறையை அறிந்திருத்தல் வேண்டும். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் ஓலையும் எழுத்தாணியும் ஏடு எழுதுவோரின் பழக்கமும் அறிய வேண்டுவது போன்றதே இது.

1850-களில் இரு முறைகள் வழக்கிலிருந்தன. ஒன்று 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் கண்ணாடித்தகட்டு முறை. இதில் படம் நுணுக்கமாக அமையும். ஒளிபடும் நேரமும் குறைவு. ஆனால் தகட்டில் பூசிய கலவை உலர்வதற்குள், அதாவது சில நிமிடங்களுக்குள், படமெடுத்து உருத்துலக்கிவிட வேண்டும். எனவே படமெடுக்கும் இடத்திலேயே இருட்டுக் கூடாரம் வேண்டும். வெப்ப நாட்டில் தகடு விரைந்து உலரும்; நெடும்பயணத்தில் உடையும். மற்றொன்று அதே காலத்தில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே உருவாக்கிய மெழுகுத்தாள் முறை. தாள் எடை குறைந்தது, உடையாது, முன்கூட்டியே ஆயத்தம் செய்து கொண்டுசெல்ல இயல்வது. டிரைப் தம் பெரிய அளவுப் படங்களுக்கு இம்முறையையே கைக்கொண்டார்.

மெல்லிய, சீரான தாளில் உருக்கிய வெண்மெழுகை ஊறச்செய்து, மிகுதியான மெழுகை உறிஞ்சுதாள்களுக்கிடையே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நீக்குவர். பின்னர் பொட்டாசியம் அயோடைடு முதலிய உப்புகள் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துவர். படமெடுப்பதற்கு முன் இருட்டறையில், அசெட்டிக் அமிலம் சேர்ந்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அத்தாளை நனைத்துக் கழுவி உலர்த்துவர். அப்போதுதான் தாள் ஒளியுணர்வு பெறும். அவ்வாறு ஆயத்தமான தாளைச் சில நாள்கள் வைத்திருந்தும் பயன்படுத்தலாம்.

கருவியில் வைத்த தாளின்மீது பல நிமிடங்கள் ஒளி படவேண்டும். அதன்பின் தாளில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; அல்லது மங்கிய சுவடே தெரியும். காலிக் அமிலக் கரைசலில் இட்டு உருத்துலக்கும்போதே உருவம் மெல்ல வெளிப்படும். இதற்குச் சில மணி நேரம்கூட ஆகும். ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலால் எஞ்சிய வெள்ளி உப்பை நீக்கி, நீரில் நெடுநேரம் கழுவி, உலர்த்தி, மெழுகு தெளிவுபெற மறுபடியும் சூடு காட்டுவர். இவ்வாறு கிடைப்பது ஒளியும் இருளும் இடம் மாறிய, நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படம். அதனை வேறோர் ஒளியுணர் தாளின்மேல் நேராகப் படியவைத்து வெயிலில் காட்டியே நேர்ப்படம் எடுத்தனர். உருப்பெருக்கும் வசதி அந்நாளில் நடைமுறையில் இன்மையால், எதிர்ப்படம் எவ்வளவோ அவ்வளவே படம். பெரிய படம் வேண்டுமாயின் பெரிய கருவி வேண்டும்.

இம்முறையினின்று ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, ஒளிபடும் நேரம் நீண்டதாகையால் நடமாடும் மனிதர் படத்தில் பதிவதில்லை. டிரைப்பின் படங்களில் மதுரைக் கோயிலும் தஞ்சைக் கோயிலும் ஆளின்றிக் காணப்படுவதைக் கொண்டு அவை அன்று வழிபாடின்றிக் கிடந்தன என முடிவு செய்தல் பிழையாகும். இரண்டாவது, அக்கால வேதிப்பொருள் நீல ஒளிக்கே மிகுதியும் வினைபுரியும். ஆகவே வானம் வெறும் வெண்பரப்பாகப் பதியும். இக்குறையைப் போக்க டிரைப் எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி முகில்களையும் இலைச்செறிவையும் அமைத்ததுண்டு. எனவே படத்தில் உள்ளவை அனைத்தும் கருவி கண்டவை அல்ல. மூன்றாவது, தாளின் நார் படத்தின் நுணுக்கத்தைச் சற்றே மழுக்கும். எழுத்தை நோக்கும்போது இக்குறை முதன்மை பெறுகிறது.

தஞ்சைத் தொடர்படம்

தஞ்சையில் டிரைப் செய்தவற்றுள் தலையாயது விமான அடித்தளக் கல்வெட்டின் தொடர்படமாகும். சுவரின் ஒரு பகுதியைப் படமெடுத்தபின் கருவியை அடுத்த பகுதிக்கு நகர்த்தி மீண்டும் எடுத்து, இவ்வாறு கிடைத்த 21 படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக அமைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. தமிழ் எழுத்துச் சான்றொன்றை இவ்வளவு விரிவாக ஒளிப்படத்தில் பதிக்க மேற்கொண்ட மிகத் தொடக்ககால முயற்சி இது எனலாம்.

இதன் அருமை செய்முறையை எண்ணிப் பார்த்தால் விளங்கும். இருபத்தொரு படங்களிலும் கருவிக்கும் சுவருக்கும் இடையிலான தொலைவும் கருவியின் உயரமும் மாறாதிருக்க வேண்டும். இல்லையேல் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தா. கல்லில் வெட்டிய எழுத்து நிறத்தால் வேறுபடுவதில்லை. பள்ளத்தில் விழும் நிழலாலேயே தெரிகிறது. நேர் எதிரே ஒளி விழுந்தால் எழுத்து மறையும். பக்கவாட்டில் விழுந்தால் தோன்றும். ஞாயிறு நகர நகர நிழலும் நகரும். ஒவ்வொரு தாளுக்கும் பல நிமிடங்கள் ஒளி காட்ட வேண்டிய நிலையில், எல்லாப் படங்களிலும் ஒரே சீரான தோற்றத்தைப் பெறுவது எளிதன்று. ஒரு தாள் உருத்துலக்கும்போது கறைபட்டாலும் தொடர் அறுந்துபோகும். இன்று படச்சுருளிட்ட பழைய கருவிகளைத் தேடிக் கையாள்வோரும், எடுத்த படத்தை உடனே காண இயலாத இந்நிலையை அறிவர். டிரைப்பின் காலத்தில் அவ்விடைவெளி பன்மடங்கு பெரிது.

போப்பின் குறிப்பும் காடுவெட்டிச் சோழனும்

தஞ்சாவூர், திருவையாறு படத்தொகுதிக்கு விளக்கக் குறிப்புகள் எழுதியவர் ஜி.யு. போப். பின்னாளில் திருக்குறளையும் (1886) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் தந்த அதே பெருமகனார். 1850-களில் அவர் தஞ்சையில் வாழ்ந்து சமயப்பணியும் கல்விப்பணியும் ஆற்றிவந்தார். தஞ்சைக் கல்வெட்டின் ஒளிப்படமும், தமிழறிந்த மேனாட்டாருள் முன்னிற்கும் ஒருவரும் ஒரே ஆண்டில் ஒரே பணியில் இணைந்தனர் என்பது கருதத்தக்கது.

ஆயினும் பெரிய கோயிலைக் கட்டியவன் காஞ்சியை ஆண்ட காடுவெட்டிச் சோழன் என்பதே போப் கொண்ட கருத்து. பிருகதீசுவர மாகாத்மியம் முதலிய தலபுராண மரபோ கரிகாலனைக் கட்டியவனாகக் கூறிற்று. இராசராசன் பெயர் அக்கோயிலோடு உறுதியாக இணைந்தது ஹூல்ஷ் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே. தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை விமானத்தில் வெட்டுமாறு மன்னன் இட்ட ஆணை, கற்றளியைத் தான் எடுப்பித்ததாகவே கூறுகிறது. விடை அடித்தளத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்வடித்தள எழுத்தே 1858-இல் படமாகவும் ஆனது.

இதனைப் போப்பின் புலமைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. அன்று குறைவாக இருந்தது முறை. முதலாவதாக, கல்வெட்டுத் தமிழில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்படுகின்றன. ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் மயங்குகின்றன. வடசொற்கள் கிரந்த எழுத்தில் கலந்து வருகின்றன. இலக்கியத் தமிழில் தேர்ந்தவர்க்கும் இவற்றைப் படிக்கத் தனிப்பயிற்சி வேண்டும். தென்னிந்திய எழுத்தியல் குறித்த பர்னலின் நூல் 1874-இல்தான் வெளிவந்தது. இரண்டாவதாக, நெடிய அடித்தளம் 19 அடிக்குள் சுருங்கியபோது எழுத்தும் சுருங்கியது. தாளின் நாரும் கல்லின் தேய்வும் சேர்ந்து ஐயத்தை மிகுவித்தன. மூன்றாவதாக, கல்வெட்டு அன்று வரலாற்றுச் சான்றாக அன்றி, வியக்கத்தக்க காட்சிப் பொருளாகவே நோக்கப்பட்டது. பிற கோபுரங்களையும் மண்டபங்களையும் போல் அதுவும் ஒரு காட்சியாகவே தொகுப்பில் இடம்பெற்றது.

இக்காலத் தாழ்வால் மறைந்திருந்தது கட்டியவன் பெயர் மட்டுமன்று. திருப்பதியம் பாட 48 பிடாரரும் அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரும் ஆக ஐம்பதின்மர் அமர்த்தப்பெற்ற செய்தியும், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் ஊரும் பங்கும் தரும் நெடும்பட்டியலும் இக்கோயில் வளாகத்துக் கல்வெட்டுகளிலேயே உள்ளன. தேவார வரலாற்றுக்கும் தமிழிசை, கூத்து வரலாற்றுக்கும் முதற்சான்றுகளான இவை, படிக்கப்பெறும்வரை வெறும் கல்லாகவே இருந்தன.

மைசூர்: டிக்சனின் படங்களும் ரைசின் வாசிப்பும்

ஒளிப்படத்திலிருந்து கல்வெட்டைப் படிக்கவே இயலாதோ என்னும் ஐயம் இங்கு எழலாம். அதற்கு மைசூரில் விடை கிடைக்கிறது. மைசூரின் தலைமை ஆணையராயிருந்த பௌரிங்கின் ஆணைப்படி, 1865-இல் மேஜர் டிக்சன் என்னும் சென்னைப் படை அதிகாரி சித்ரதுர்கா, தாவணகெரெ, ஹரிஹர், பள்ளிகாவெ முதலிய ஊர்களில் இருந்த ஏறத்தாழ 150 கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஒளிப்படமெடுத்தார். இவை காட்சித் தொகுப்பாக மட்டும் நின்றுவிடவில்லை. படிப்பதற்கென ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. பி. லூயிஸ் ரைஸ் இப்படங்களை அடிப்படையாகக் கொண்டு மொழிபெயர்த்தவை 1879-இல் மைசூர்க் கல்வெட்டுகள் என்னும் நூலாயின. ஃபிளீட் 1878-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பிலும் டிக்சனின் படங்கள் இடம்பெற்றுள்ளன.

இரு முயற்சிகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தஞ்சையில் படம் முதலில் வந்தது; படிப்போர் பின்னர் வந்தனர்; இரண்டுக்கும் தொடர்பு ஏற்படவில்லை. மைசூரில் படமெடுத்தலும் படித்தலும் ஒரே நிருவாகத்தின் அடுத்தடுத்த பணிகளாயின. எனினும் ரைசும் ஒளிப்படத்தோடு நின்றுவிடவில்லை. பின்னர் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து, 1886 முதல் எபிகிராஃபியா கர்னாடிகா என்னும் வரிசையைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகள் அவற்றுள் அடங்கும். கோலார், பெங்களூர் மாவட்டத் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுந்து காணப்படுவது தமிழாய்வாளர் அறிந்ததே.

மைப்படியின் வருகை

ஒளிப்படத்தின் இடத்தைப் பிடித்தது மைப்படி. கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்துள் தாள் படியுமாறு செய்து, பின்னர் மைப்பொதியால் ஒற்றுவர். மேடான பகுதி கறுக்கும். பள்ளமான எழுத்து வெண்மையாக நிற்கும். எழுத்து உள்ளவாறே முழு அளவில் கிடைக்கும். ஞாயிற்றின் நிலையோ கருவியின் தொலைவோ இங்குத் தடையாவதில்லை. வேதிப்பொருளும் இருட்டறையும் வேண்டா, செலவும் குறைவு. கல்வெட்டுத் துறை மைப்படியைத் தன் அடிப்படை ஆவணமாகக் கொண்டது இயல்பே.

ஆனால் மைப்படி எழுத்தை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்துவிடுகிறது. கல்வெட்டு எந்தக் குமுதத்தில், எந்தப் பட்டிகையில் வெட்டப்பட்டது, அருகில் எந்தச் சிற்பம் உள்ளது, இடையில் எந்தக் கல் பெயர்க்கப்பட்டது, எங்கே பிற்காலச் சுவர் எழுந்து மறைத்தது என்பனவற்றை மைப்படி காட்டாது. திருப்பணியின்போது கல் இடம்பெயர்ந்தால், மைப்படியைக் கொண்டு பழைய இடத்தைக் கண்டறிவது அரிது. இவ்விடத்தில் டிரைப்பின் தொடர்படம் தனிச்சான்றாகிறது. பிற்காலப் பழுதுபார்ப்புகளுக்கு முன்னர், 1858-இல் அடித்தளம் நின்ற நிலையை அது காட்டுகிறது. எழுத்தைப் படிக்க மைப்படியும், எழுத்து நின்ற இடத்தைப் படிக்க ஒளிப்படமும் வேண்டப்படுகின்றன.

இன்றைய நிலை

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அங்கே சென்றன. அவற்றுள் பல நெடுங்காலம் பதிப்பிக்கப்பெறாமல் இருந்தமை குறித்துத் தமிழறிஞர்கள் தொடர்ந்து வருந்தி வந்துள்ளனர். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது.

டிரைப்பின் படங்களோ வேறொரு வழியில் சென்றன. அவை பெரும்பாலும் கலைப்பொருளாக மதிக்கப்பெற்று அயல்நாட்டுச் சேகரங்களில் இடம்பெற்றுள்ளன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெற்றது. ஒரே அடித்தளத்தின் மைப்படி ஓரிடத்தில் கல்வெட்டாகவும், ஒளிப்படம் வேறிடத்தில் கலையாகவும், அச்சுப்பாடம் மற்றோரிடத்தில் நூலாகவும் பிரிந்து கிடக்கின்றன. மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கும் ஆய்வு தமிழில் வளரவேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்று பெறப்படுவன:

1. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டு, அச்சேறுவதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே 21 மெழுகுத்தாள் ஒளிப்படங்களின் தொடராகப் பதிவு பெற்றது.

2. பதிவு இருந்தும் கோயிலைக் கட்டியவன் காடுவெட்டிச் சோழன் என்ற கருத்து நிலவியது. இதற்குக் காரணம் எழுத்தியல் முறையும் படிப்போர் அமைப்பும் அன்று உருவாகாமையே.

3. மைசூரில் டிக்சனின் படங்கள் ரைசின் வாசிப்போடு இணைந்தமையால் பதினான்கு ஆண்டுகளில் நூலாயின. பதிவும் வாசிப்பும் ஒரே திட்டத்தின் பகுதிகளாக அமையும்போதே பயன் விளைகிறது.

4. பழைய ஒளிப்படங்களைச் சான்றாகக் கொள்வோர், ஒளிபடும் நேரம், எதிர்ப்படத்தில் செய்யப்பெற்ற திருத்தம், தாளின் தன்மை ஆகியவற்றை அறிந்தே முடிவு கூற வேண்டும்.

5. மைப்படி எழுத்தின் வடிவத்தையும், ஒளிப்படம் எழுத்தின் இடத்தையும் காக்கின்றன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

மின்னணு முறையில் மைப்படிகளைப் படியெடுக்கும் பணிகள் நடைபெறும் இக்காலத்தில், தஞ்சைத் தொடர்படம் தரும் படிப்பினை புறக்கணிக்கத் தக்கதன்று. கல்லிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கணிப்பொறிக்கும் எழுத்து இடம் மாறலாம். கல்வெட்டெழுத்தைப் படிக்கப் பயின்ற மாணவர் தொகை குறையுமாயின், எத்துணைத் தெளிவான படமும் 1858-இன் நிலையிலேயே நிற்கும். தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் கல்வெட்டு வாசிப்புக்கு உரிய இடம் தருவது, படியெடுக்கும் பணிக்கு இணையாக மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.